லூப்பஸ் நோயாராய்ச்சியில் ‘இனம்’ : ஒரு விமர்சன நோக்கு

லூப்பஸ் என்பது இலத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல். ஓநாய் கடித்துக் குதறியது போன்று முகத்தில் தோன்றும் புண்களுக்கு மத்தியகால ஐரோப்பிய மருத்துவர் இப்பெயரை வழங்கினர். 1851 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு மருத்துவர் கசெனாவ் ‘சிவந்த’ எனப் பொருள்படும் அடைமொழியொன்றை அதனோடு சேர்த்தார். வெறும் தோல் நோயெனக் கருதப்பட்ட இது மூட்டு, சிறுநீரகம், இதயம், மூளை ஆகிய உறுப்புகளையும் தாக்கவல்லது என்பது பின்னர் கப்போசி, ஒஸ்லர் முதலியோரது அவதானங்களாற் புலனாயிற்று. கிருமிகளை எதிர்ப்பதற்கென அமைந்த நிர்ப்பீடனத் தொகுதி, உடலின் சொந்தக் கலங்களின் கருப்பொருளுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை ஆக்கிக்கொள்வதே இந்நோயின் அடிப்படை. நோயாளருட் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவருட் பெரும்பாலோர் பிள்ளைபெறும் வயதினர்.

இந்நோய் பற்றிய ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டுவோர் முதலாம் பந்தியிலேயே பெரும்பாலும் ஒரே கருத்துடைய வாக்கியமொன்றைச் சந்திப்பர். லூப்பஸ் பெண்களிடமும் வெள்ளையரல்லாதோரிடமும் மிகுதியாகக் காணப்படுகின்றது என்பதே அது. அடுத்த வாக்கியம் பரம்பரையலகுகளைப் பற்றியதாக இருக்கும். இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள வெளியில் ‘ஆகவே’ என்றொரு சொல் எழுதப்படாமலே நின்று பொருள் தருகின்றது. எழுதப்படாத அந்த ‘ஆகவே’ எத்துணை நியாயமானது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. ஆய்வுகளின் வேதியியலும் புள்ளிவிபரவியலும் அவற்றிற்குரிய துறையினரின் பொறுப்பு. ஆயின், ஒரு சொல் ஒரு பொருளில் நுழைந்து மற்றொரு பொருளில் வெளியேறுவதைக் கவனிப்பது மொழியைக் கற்போரின் வேலை. அவ்வேலையை விஞ்ஞானக் கட்டுரைகளின் வாயிலில் நிறுத்திவிட வேண்டுமென்ற விதி எதுவுமில்லை.

முதலிற் கணக்கு. கணக்கிற் பிழையில்லை என்பதைத் தயக்கமின்றி ஏற்றாக வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் மிச்சிகன், ஜோர்ஜியா ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களில் லூப்பஸ் நோயாளர் அனைவரையும் தேடிப் பதிந்த இரு பதிவேடுகளின் முடிவுகள் 2014 இல் வெளிவந்தன. கறுப்பினப் பெண்களிடையே இந்நோய் வெள்ளையினப் பெண்களிடையே உள்ளதிலும் இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதி என்பதை அவை காட்டின. கறுப்பினப் பெண்களை இந்நோய் இளவயதிலேயே பற்றுகின்றது. சிறுநீரகத்தையும் அடிக்கடி தாக்குகின்றது. கலிபோர்னியாவிலும் நியூயோர்க்கிலும் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான பதிவேடுகள் ஹிஸ்பானியரும் ஆசியரும் வெள்ளையரிலும் கூடுதலாகப் பாதிக்கப்படுவதைக் காட்டின. இவை கற்பனையல்ல; இந்நோயால் இளவயதில் மாண்ட பெண்களின் தொகை இவற்றின் பின்னால் நிற்கின்றது.

ஆனால் எண்ணப்பட்ட கூடைகள் எங்கிருந்து வந்தன? கறுப்பர், வெள்ளையர், ஆசியர், ஹிஸ்பானியர் என்னும் வகுப்புகள் ஆய்வுகூடத்திற் பிறந்தவையல்ல. 1977 இல் அமெரிக்க அரசின் வரவுசெலவுத் திட்ட அலுவலகம் பதினைந்தாம் இலக்கப் பணிப்புரையொன்றை வெளியிட்டது. அரச திணைக்களங்கள் யாவும் ஒரே மாதிரியாகக் கணக்கெடுக்க வேண்டுமென்பதே அதன் நோக்கம். இவ்வகுப்புகளை விஞ்ஞான வகுப்புகளாகவோ மானிடவியல் வகுப்புகளாகவோ கொள்ளலாகாது என்று அப்பணிப்புரையே வெளிப்படையாகக் கூறியிருந்தது. 1997 இல் ஆசியரும் பசுபிக் தீவினரும் தனித்தனி வகுப்புகளாயினர். 2024 இல் மத்திய கிழக்கினருக்கும் வட ஆபிரிக்கருக்கும் புதிய வகுப்பொன்று அமைந்தது. அலுவலகத்தார் பேனா எடுத்தபோதெல்லாம் கூடைகள் மாறின; மாந்தரின் நிறமூர்த்தங்கள் மாறவில்லை. தன்னை விஞ்ஞானமென்று சொல்லிக்கொள்ளாத ஒரு பட்டியல், மருத்துவமனைப் பதிவேட்டினூடாக ஆய்வுக் கட்டுரைக்குள் வந்து, அங்கே உயிரியலாகி விடுகின்றது.

இதற்குத் தகுந்த சான்று ‘லூமினா’ என அழைக்கப்படும் நெடுங்கால ஆய்வாகும். 1994 இல் அலபாமா, ரெக்சாஸ் ஆகிய மாநிலங்களிலே தொடங்கிய இவ்வாய்வு, ஹிஸ்பானியர், ஆபிரிக்க அமெரிக்கர், வெள்ளையர் என்னும் முத்திறத்து நோயாளரையும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. பின்னர் புவேட்டோ ரிக்கோத் தீவும் அதிற் சேர்க்கப்பட்டது. அந்த ஆய்வின் முழுப்பெயரே ‘இயற்கையா, வளர்ப்பா’ என்ற எதிர்நிலையைத் தாங்கியிருந்தது. ரெக்சாஸ் ஹிஸ்பானியரிடம் நோய் கடுமையாகவும், சிறுநீரகப் பாதிப்புடனும் காணப்பட்டது. புவேட்டோ ரிக்கோ ஹிஸ்பானியரிடமோ அது ஒப்பளவில் இலேசாக இருந்தது. இரு சாராரும் ஒரே கூடையினர், ஒரே மொழியினர், ஒரே பெயரினர். ரெக்சாஸில் வாழ்வோர் பெரும்பாலும் மெக்சிக்கோ வழியினர். அமெரிக்கப் பழங்குடி மூதாதையர் பலரை உடையவர். தீவினரிடம் ஐரோப்பிய, ஆபிரிக்க மூதாதையர் வழி மிகுதி. வாழ்க்கை நிலைமையும், மருத்துவ வசதியும் இரு இடத்தும் ஒன்றல்ல. ‘ஹிஸ்பானியர்’ என்ற சொல் இவ்வேறுபாடுகளுள் எதையும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் மூடியது.

அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. இறப்பைப் பற்றிய கணக்கில் வறுமையும் ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டபோது, இனம் தனிக் காரணியாகத் தலைநிமிர்ந்து நிற்கவில்லை, வறுமை நின்றது. சிறுநீரகப் பாதிப்பிலோ மூதாதையர் வழி, சமூகப் பொருளாதார நிலை இரண்டுக்குமே பங்கிருந்தது. ஆய்வாளர் தாம் கண்டதை மறைக்கவில்லை என்பது போற்றத்தக்கது. எனினும் ‘இயற்கையா, வளர்ப்பா’ என்ற வினாவுக்கு ‘இரண்டும், ஒன்றினுள் ஒன்றாக’ என்ற விடை வந்தபின்னும் அவ்வினாவே ஆய்வின் பெயராக நிலைத்துவிட்டது.

பரம்பரையலகுகளின் பங்கை மறுக்கும் போக்கு ஒன்றும் இன்று கலைத்துறையினரிடையே உண்டு. ‘இனம் என்பது சமூகம் சமைத்த கற்பனை, ஆதலாற் பரம்பரை பற்றிய பேச்செல்லாம் பிற்போக்கு’ என்று ஒரே அடியில் தீர்ப்புக் கூறுவது எளிது. அது சோம்பலின் பாற்பட்டது. ஒரு கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு லூப்பஸ் இருப்பின் மற்றவருக்கும் அது காணப்படுவது ஏறத்தாழ 24 வீதம் என்றும், இரு கருக்களிற் பிறந்த இரட்டையரிடம் அது 2 வீதம் மாத்திரமே என்றும் 1992 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. பரம்பரைக்கு வலுவான பங்குண்டு என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. அதே எண்ணை மறுபுறம் திருப்பிப் பார்த்தால், முற்றும் ஒத்த பரம்பரை உடையவர்களிற்கூட நால்வரில் மூவர் நோயினின்று தப்புகின்றனர் என்பதும் தெரியும்.

2008 தொடக்கம் முழுப் பரம்பரைத் தொகுதியையும் துருவும் பேராய்வுகள் வெளிவரலாயின. முதலில் ஐரோப்பிய வழியினர், 2009 இற் சீனர், 2017 இல் ஐரோப்பிய, ஆபிரிக்க, ஹிஸ்பானிய மூதாதையர் வழியினர் 27,574 பேர், 2021 இற் கிழக்காசியர் 208,370 பேர் என ஆராயப்பட்டோர் தொகை பெருகியது. இறுதியாகச் சொன்ன ஆய்வு 113 இடங்களை நோயோடு தொடர்புபடுத்தியது. இவ்வாய்வுகளின் பெறுபேறுகளை ஒருங்கு வைத்து நோக்குவோர்க்குப் புலப்படும் முதன்மையான உண்மை, நோய்க்கு ஏதுவான இடங்களுட் பெரும்பாலானவை எல்லா மக்களுக்கும் பொதுவானவை என்பதே. வேறுபாடுகளும் உள்ளன. ஐ.ரி.ஜி.ஏ.எம். என்னும் பரம்பரையலகின் திரிபொன்று ஐரோப்பியரிடமும் ஆபிரிக்க அமெரிக்கரிடமும் ஹிஸ்பானியரிடமும் நோயை மிகுவிக்கின்றது. சீனரிடமும் யப்பானியரிடமும் கொரியரிடமும் அது மிக அரிது. பி.ரி.பி.என். 22 இன் திரிபு வட ஐரோப்பாவிற் பரவலானது. ஆபிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் இல்லையென்றே சொல்லலாம். இவை உண்மையான வேறுபாடுகள். ஆனால் எவை எவற்றோடு சேர்கின்றன என்பதைக் காண்க. முதலாவது திரிபிலே ஐரோப்பியரும் ஆபிரிக்க வழியினரும் ஒரு பக்கம். இரண்டாவதிலே ஆபிரிக்கரும் கிழக்காசியரும் ஒரு பக்கம். ஒவ்வொரு பரம்பரையலகும் உலகத்தைத் தனக்கேயுரிய கோட்டாற் பிரிக்கின்றது. எதன் கோடும் 1977 இன் பட்டியலின் கோட்டோடு பொருந்துவதில்லை. மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு குடித்தொகைக்கு உள்ளேயே அமைந்தது என்று 1972 இல் லெவொன்ரின் கூறியது இதனோடு இணைத்து நோக்கற்பாலது.

எவ்.சி. ஏற்பி ஒன்றின் திரிபு மேலும் சுவையானது. லூப்பஸுக்கு ஏதுவான இத்திரிபு ஆபிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் மிகுதி, ஐரோப்பாவிற் குறைவு. கென்யச் சிறுவரிடையே நடந்த ஆய்வொன்று 2010 இல் வெளிவந்தது. இத்திரிபைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற சிறுவருக்குக் கடுமையான மலேரியா குறைவாகவே வந்தது என்பது அதன் முடிவு. அஃதாவது, கறுப்பர் என்பதும் ஆசியர் என்பதும் இங்கே விளக்கமன்று, நுளம்பே விளக்கம். மலேரியா பல தலைமுறைகளாகக் குழந்தைகளைக் கொன்ற நிலங்களில், அதனை எதிர்க்கவல்ல கூர்மையான நிர்ப்பீடனம் தெரிந்தெடுக்கப்பட்டது. அதே கூர்மை வேறொரு வேளையில் தன்னுடலையே தாக்குகின்றது. இதனை ‘இன வேறுபாடு’ என்று எழுதுபவர் வரலாற்றையும் புவியியலையும் ஒரு சொல்லுக்குள் இட்டுப் புதைத்து விடுகிறார்.

ஏ.பி.ஓ.எல். 1 என்னும் பரம்பரையலகின் கதை இதனினும் தெளிவானது. அதன் இரு திரிபுகள் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஏதுவாகும் என்பது 2010 இல் அறியப்பட்டது. தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி வகையொன்றை அழிக்கவல்ல குருதிப் புரதத்தை அவை ஆக்குகின்றன. லூப்பஸ் உள்ள ஆபிரிக்க அமெரிக்கரிடம் சிறுநீரகம் முற்றாகச் செயலிழப்பதற்கும் இத்திரிபுகளுக்கும் தொடர்புண்டு என்பது 2014 இல் நிறுவப்பட்டது. நோயை உண்டாக்குவதிலன்றி அதன் முடிவைக் கடுமையாக்குவதிலேயே இவற்றின் பங்கு அமைகின்றது. மேற்கு ஆபிரிக்காவின் யொருபா, இக்போ முதலிய மக்களிடம் இவை மிகுதி. எத்தியோப்பியரிடம் இல்லையென்னும் அளவுக்கு அரிது. இருவரும் கறுப்பர். மேலும், ஆபத்து வலுவடைய இரு பெற்றோரிடமிருந்தும் திரிபு வரவேண்டும். ஆபிரிக்க அமெரிக்கருள் அவ்வாறு பெற்றோர் நூற்றுக்குப் பதின்மூவர் அளவினரே. ஆகவே ‘கறுப்பினத்தவர்’ என்ற சொல்லைக் கண்டு இவ்வாபத்தை ஊகிக்கும் மருத்துவர், நூறு பேரில் எண்பத்தேழு பேரளவில் தவறாகவே ஊகிப்பார். பரம்பரையியல் முன்னேற முன்னேற இனம் என்னும் சொல்லின் தேவை குறைய வேண்டும். குருதித் துளியொன்றைச் சோதித்தால் நேரடியாகவே அறியக்கூடிய ஒன்றை நிறத்தைப் பார்த்து ஊகிப்பானேன்?

இனி, எண்ணிக்கை தொடர்பான பழைய புதிரொன்று. மேற்கு ஆபிரிக்காவில் லூப்பஸ் அரிது, அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களிடம் அமெரிக்காவில் மிகுதி என்ற கருத்து நீண்டகாலம் நிலவியது. 1998 இல் வெளியான விமர்சன நோக்கிலான மீளாய்வொன்று அக்கருத்தின் சான்றுகளைச் சோதித்து, அவை முடிவு கூறப் போதியவையல்ல என்று காட்டியது. நோய் உண்மையிலேயே குறைவா, அன்றி அதனை இனங்காணும் மருத்துவரும் குருதிச் சோதனையும் குறைவா என்பதே வினா. ஏறத்தாழ இதே நிலை தென்னாசியருக்கும் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில் 1990 களின் தொடக்கத்தில் நடந்த கணக்கெடுப்பு, அங்குள்ள ஆசியரிடம், அதாவது இந்திய உபகண்ட வழியினரிடம், லூப்பஸ் வெள்ளையரிலும் இரு மடங்குக்கு மேற்பட்டது எனக் கண்டது. அதே காலப்பகுதியில், 1993 இல், டில்லியை அண்டிய கிராமங்களில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வோ இலட்சம் பேருக்கு மூவர் அளவிலேயே நோயாளரைக் கண்டது. கடல் கடந்தபின் பரம்பரையலகு மாறுவதில்லை. மாறியிருக்கக்கூடியவை சூழலும் உணவும் வாழ்வின் நெருக்கடியும். அல்லது மாறியது நோயைக் காணும் கண். நோயாளர் சிலர் இளவயதிலேயே, பெயரறியாத காய்ச்சலென்றும் சிறுநீரகக் கோளாறென்றும் எழுதப்பட்டு இறந்திருப்பின் அவர் வீடு வீடாகச் சென்றாலும் அகப்படார்.

காணும் கண்ணைப் பற்றிப் பேசும்போது கசெனாவின் அடைமொழிக்குத் திரும்ப வேண்டியுள்ளது. ‘சிவந்த’ என்பது எந்தத் தோலிற் சிவந்தது? கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவிற் படரும் செந்தடிப்பு இந்நோயின் அடையாளமெனப் பாடநூல்கள் கூறும். கறுத்த தோலில் அத்தடிப்பு கபிலமாகவோ கருஞ்செம்மையாகவோ ஊதாச் சாயலுடனோ தோன்றும். சில வேளை எளிதிற் புலப்படாது. மிகுதியாக நோயுறுவோர் யாரோ அவருடைய தோலிற் காணமுடியாத நிறத்தையே நோய் தன் பெயராகச் சூடியிருக்கின்றது. பெயர் சூட்டிய பாரிஸ் மருத்துவரைக் குறைகூறுவதிற் பயனில்லை. தம் முன்னால் இருந்தவரை அவர் விபரித்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அதே முகத்தை மாதிரியாகக் காட்டிய பாடநூல்களுக்கு அச்சாட்டுக் கிடையாது.

இவ்விடத்துத் தமிழிற் கற்போருக்குத் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஈழத்துத் தமிழ்மொழி மூல உயிரியற் பாடநூல்களில் உயிரினப் பாகுபாட்டின் இரு படிகள் ‘சாதி’, ‘இனம்’ என்பன. சேர்ந்து இனம்பெருக்க இயலாதவாறு தம்முள் வேறுபட்ட உயிர்களே அங்கு வேறு வேறு இனங்கள். அதே மாணவன் புதினத்தாளைத் திறக்கும்போது சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இனங்கள். ஆங்கிலக் கட்டுரையில் மூன்று வெவ்வேறு சொற்களால் வழங்கும் நிறப்பகுப்பும், பண்பாட்டுக் குழுமமும், மூதாதையர் வழியும் தமிழாக்கத்தில் மீண்டும் ‘இனம்’ என்றே வந்து சேர்கின்றன. பகுப்பாய்வு நூலில் உயிரியல் வாடை வீசும் சொல்லொன்று அரசியலிலும் அவ்வாடையைக் களையாமலே உலவுவதன் விளைவை இந்நாட்டவர்க்கு விளக்கத் தேவையில்லை. பரம்பரையியற் கட்டுரையில் ‘மூதாதையர் வழி’ என்றும், சமூகக் கணக்கில் ‘இனக்குழுமம்’ என்றும் பிரித்து எழுதுவது கலைச்சொல்லாக்கக் குழுவொன்றின் அனுமதியை வேண்டி நிற்கும் காரியமன்று.

‘ஆசியர்’ என்ற சொல்லும் அத்தகையதே. லெஸ்ரரில் அச்சொல் குஜராத்தியரையும் பஞ்சாபியரையும் குறித்தது. அமெரிக்கக் கட்டுரைகளில் அது பெரும்பாலும் சீனரையும் பிலிப்பினரையும் வியட்நாமியரையும் நினைவூட்டுவது. 2021 ஆம் ஆண்டின் பேராய்வு தன் தலைப்பிலேயே ‘கிழக்காசியர்’ என வரையறுத்துக்கொண்டது நல்ல வழக்கம். ஆனால் அதனை மேற்கோளாக எடுக்கும் பிற்காலத்தார் ‘ஆசியரிடம் காணப்பட்டது’ என்று சுருக்கிவிடின், அவ்வாய்விற் குருதி எடுக்கப்படாத தென்னாசியரும் அம்முடிவுக்கு உட்பட்டவராகி விடுவர்.

அவ்வாறாயின் இனக் கணக்கையே ஆய்வுகளிலிருந்து அகற்றி விடலாமா? கூடாது. அற்லான்ரா நகரில் லூப்பஸ் உள்ள கறுப்பினப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்று, அவர் அன்றாடம் அனுபவிக்கும் இனப் பாகுபாடு மிகுந்தவிடத்து நோயின் தீவிரமும் உடலுறுப்புச் சேதமும் மிகுந்திருப்பதைக் கண்டது. இங்கு இனம் குருதியில் இல்லை. கடையிலும் அலுவலகத்திலும் மருத்துவமனை வரிசையிலும் இருக்கின்றது. இல்லாத ஒன்றென அதனைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டால் அதனால் விளைந்த நோயையும் அழித்ததாகத் தோன்றும். கணக்கு இருக்கட்டும், கணக்கிற்கும் குருதிக்கும் இடையே ஒளிந்திருக்கும் ‘ஆகவே’ என்பதுதான் ஒவ்வொரு முறையும் தன் சான்றைக் காட்டக் கடமைப்பட்டது.

இதன் கனதியை உணர்த்த மருந்தொன்றின் வரலாறு போதும். பெலிமுமாப் என்னும் மருந்து 2011 இல் அமெரிக்காவில் லூப்பஸுக்கென அங்கீகாரம் பெற்றது. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக இந்நோய்க்கெனப் புதிய மருந்தெதுவும் அங்கீகாரம் பெறாதிருந்தமையால் அது பெரும் நிகழ்வாகவே கருதப்பட்டது. ஆனால் அதன் பரீட்சார்த்த ஆய்வுகளிற் பங்குபற்றிய கறுப்பினத்தவர் மிகச் சிலர். அச்சிலரிடம் மருந்து பயன் தந்ததாகத் தோன்றவில்லை. சிலரே ஆதலால் அது உண்மையா தற்செயலா எனக் கூறவும் இயலவில்லை. நோய் மிகுதியாக உள்ளோர் ஆய்வில் மிகக் குறைவாக இருந்ததன் பயனாக, மருந்துச் சீட்டில் அவரைப் பற்றிய எச்சரிக்கையொன்று அச்சிடப்பட்டது. அதனைத் தெளிவாக்கவென, தம்மைக் கறுப்பினத்தவர் எனத் தாமே கூறிக்கொண்ட 448 பேரைக் கொண்டு பல நாடுகளில் தனியாய்வு நடத்தப்பட்டது. ஓராண்டு முடிவில் மருந்து பெற்றோருள் 48.7 வீதத்தினரும் வெற்று மருந்து பெற்றோருள் 41.6 வீதத்தினரும் குணங்கண்டனர். வேறுபாடு மருந்தின் பக்கமே சாய்ந்திருந்ததாயினும், புள்ளிவிபரவியல் வேண்டும் எல்லையை அது எட்டவில்லை. அம்முடிவு சஞ்சிகையில் அச்சேறியபோது ஆண்டு 2022.